படுவான்கரையிலிருந்து மடிக்கணினி வாங்கப் போனோம்

வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற கரை படுவான்கரை. கிழக்கே, அது எழுகிற கரை எழுவான்கரை. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு மட்டக்களப்பு வாவி கிடக்கிறது. பெரியாஸ்பத்திரி, கச்சேரி, நாலு நல்ல கடை என்று எது வேண்டுமானாலும் எங்கள் பக்கத்துப் பெண்கள் இந்தத் தண்ணீரைக் கடந்துதான் போக வேண்டும்.

2025 ஒக்டோபர் கடைசியில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்து அக்கா ஒருவரோடும் அவருடைய மகளோடும் நானும் அப்படிக் கடந்தேன். மகளுக்கு வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், வணிக முகாமைத்துவம் படிக்க இடம் கிடைத்திருந்தது. மடிக்கணினி ஒன்று வாங்க வேண்டும். பெண்கள் நிலையத்தில் கணினி வகுப்பு எடுக்கிறவள் என்பதால் என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். அக்காவின் கைப்பையில் ஒரு இலட்சம் ரூபா இருந்தது. ஒரு கறவை மாட்டை விற்ற காசும், சீட்டெடுத்த காசும் சேர்ந்தது அது.

மாரி விதைப்புக் காலம். வயலெல்லாம் ஆட்கள் நின்றார்கள். மண்முனையில் பஸ் பாலத்தில் ஏறியது. ஜப்பான் உதவியோடு கட்டிய இந்தப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் இங்கே 'பாதை'தான் ஓடியது. வெளியூர் வாசகிகளுக்குச் சொல்ல வேண்டும்: எங்கள் பக்கத்தில் பாதை என்றால் றோட்டு அல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. 2007 மார்ச்சில் படுவான்கரை முழுவதும் ஷெல்லடிக்குப் பயந்து இடம்பெயர்ந்தபோது, அக்கா இதே தண்ணீரைத்தான் கடந்தார். மகளுக்கு அப்போது இரண்டு வயதும் ஆகவில்லை. "ஒரு பையும் இவளும்தான் கையில" என்று மட்டும் சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை.

ஆரையம்பதி, நடுவே பேரீச்சை மரம் நிற்கும் காத்தான்குடி வீதி, பிறகு கல்லடி. 2013இல் திறந்த புதிய பாலத்தால் பஸ் போக, பக்கத்தில் பிரித்தானியர் காலத்து இரும்புப் பாலம் தெரிந்தது. மகள் வெளியே பார்க்கவேயில்லை. போனில் மடிக்கணினிப் படங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடைத் தம்பி இரண்டை எடுத்து வைத்தார். முதலாவது புத்தம் புதிது, மெல்லிசு, வெள்ளி நிறம். செலரோன் புரொசஸர், 4 ஜி.பி றாம், 128 ஜி.பி சேமிப்பு. ஒரு வருட உத்தரவாதம். விலை 98,000 ரூபா. மற்றது ஏதோ கம்பனி அலுவலகத்தில் பாவித்துக் கழித்தது. கறுப்பு நிறம், பாரம் கூட, மூடியில் கீறல். ஐ5 புரொசஸர், 8 ஜி.பி றாம், 256 ஜி.பி எஸ்.எஸ்.டி. மூன்று மாத உத்தரவாதம். 82,000 ரூபா.

மகளின் கை வெள்ளி நிறத்தில்தான் இருந்தது.

"பழசு வேணாம்மா. சின்னதில இருந்து ஆக்கள் தந்த பழசுகளத்தானே போட்டு வளந்த. இதாவது புதுசா இருக்கட்டும்."

அக்கா ஒன்றும் பேசவில்லை. எனக்கும் தொண்டை அடைத்தது. முகாமில் நிவாரண உடுப்பு மூட்டை அவிழ்த்ததைப் பார்த்த எவரும் அந்தப் பிள்ளையைக் குறை சொல்லமாட்டார்கள்.

கொஞ்சம் பொறுத்து அக்கா கேட்டார்: "தம்பி, இந்த 4, 8 எண்டு சொல்றீங்களே, அது என்ன?"

நான் சொன்னேன்: றாம் என்பது அடுப்பு மாதிரி. எத்தனை அடுப்பு இருக்கிறதோ அத்தனை கறியை ஒரே நேரத்தில் வைக்கலாம். சேமிப்பு என்பது நெல் அடுக்குகிற அறை. எஸ்.எஸ்.டி என்றால் வாசலிலேயே கைக்கெட்டுகிற மாதிரி அடுக்கிய அறை. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜி.பி றாம் வேண்டும். அதாவது புதியதில் இருக்கிற அடுப்பெல்லாம் விண்டோஸுக்கே சரி. அதோடு அந்த மெஷினில் றாமும் சேமிப்பும் பலகையிலேயே ஒட்டப்பட்டவை. பிறகு கூட்ட வழியில்லை. பழையதில் அடிமூடியைக் கழற்றி இன்னொரு றாம் போடலாம்.

இதற்கிடையில் கடைத் தம்பி, "அன்ரி, புதுசுக்குத் தவணையும் இருக்கு. முற்பணம் 20,000. பிறகு மாசம் 8,500, பன்னிரண்டு மாசம்" என்றார். அக்கா வாய்க்குள் கணக்குப் போட்டார். மொத்தம் 1,22,000. கைக்காசுக்கு வாங்குவதைவிட 24,000 கூட. மகாபொல உதவித்தொகை 2025இல்தான் 5,000இலிருந்து 7,500 ஆனது. அது முழுவதையும் கொடுத்தாலும் மாதத் தவணைக்கு ஆயிரம் போதாது. "வேணாம் தம்பி. கிழமைக் கடன் கட்டி ஒருக்கா பட்டது போதும்." எங்கள் மாவட்டத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்கும் அளவுக்கு அந்தத் துன்பம் இருந்தது.

பிறகு அக்கா சொன்னதுதான் எனக்குப் பிடித்தது: "ரெண்டையும் போட்டுக் காட்டுங்க. மாடு எண்டாலும் கறந்து பாத்துத்தானே வாங்கிற."

மகளையே இருத்தினோம். வகுப்பில் என்ன செய்வாளோ அதையே செய்யச் சொன்னேன். இன்ரநெட்டில் பத்துப் பக்கம், ஒரு எக்செல் கணக்குத் தாள், தமிழில் அடித்த ஒப்படை ஒன்று, கூடவே சூம். புதியதில் ஆறாவது பக்கத்தோடு வட்டம் சுற்றத் தொடங்கியது. சூமில் படம் நின்றுவிட்டது. கறுப்பு மெஷின் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போனது. இரண்டாம் தடவையும் அவளே செய்து பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை.

"இது நாலு வருசத்துக்கு வருமா மிஸ்?" என்று கறுப்பைக் காட்டிக் கேட்டாள்.

அதற்குச் சிலதைப் பார்க்க வேண்டியிருந்தது. ஐ5 என்று ஒட்டியிருந்தால் மட்டும் போதாது. அதற்குப் பின்னால் வரும் இலக்கம்தான் வயதைச் சொல்லும். 7200 என்றால் ஏழாம் தலைமுறை, 8250 என்றால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிறகு வந்தவற்றையும்தான் ஏற்கும். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களோ அந்த ஒக்டோபர் 14ஆந் திகதியோடு நின்றுவிட்டன. அதனால் ஏழாம் தலைமுறை மெஷின்கள் இப்போது மலிவாகக் கைமாறுகின்றன. மலிவு என்று ஏமாறக் கூடாது. எங்களுக்குக் காட்டியது 8250.

பற்றரி அறிக்கையை விண்டோஸிலேயே எடுக்கலாம். அதை எடுத்துப் பார்த்தால், புதிதில் கொண்ட மின்னில் மூன்றில் இரண்டு பங்குதான் இப்போது கொள்கிறது. வயர் இல்லாமல் இரண்டு மணித்தியாலம் தாங்கும் என்று கணித்தேன். 2022இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டைக் கண்ட எங்களுக்கு அது சின்ன விடயமா? அதைச் சொல்லியே பேரம் பேசினோம். மூவாயிரம் குறைத்தார். பிறகு விசைப்பலகையின் ஒவ்வொரு எழுத்தையும் மகள் அடித்துப் பார்த்தாள். கமரா, ஒலிவாங்கி, சார்ஜர் துளை, திரையில் கறுப்புப் புள்ளி ஏதும் உண்டா என்றெல்லாம் பார்த்தோம். உத்தரவாதத்தைப் பற்றுச்சீட்டில், மெஷின் இலக்கத்தோடு எழுதித் தரும்படி அக்காவே கேட்டு வாங்கினார்.

மேலே படம் போடுகிற, வீடியோ வெட்டுகிற படிப்பென்றால் நான் இதையும் வாங்க விட்டிருக்கமாட்டேன். கணக்குத் தாளுக்கும் ஒப்படைக்கும் இது தாராளம்.

79,000 கொடுத்தோம். மிச்சம் 21,000. பற்றரி செத்தால் மாற்ற ஒரு பங்கை எடுத்து வைப்பதென்றும், மற்றது விடுதிச் செலவுக்கென்றும் அக்கா அங்கேயே முடிவு செய்தார். முன்பக்கக் கண்ணாடிக்குள் இருந்த வெள்ளி நிறப் பை ஒன்றை அவர் காட்ட, தம்பி 1,500 என்றார். மகள் வேண்டாம் என்றாள். அக்கா வாங்கினார். அது புதிது.

திரும்பி வருகையில் மண்முனைப் பாலத்தில் மழை தூறியது. அக்கா சேலைத் தலைப்பை இழுத்துப் பையின் மேல் போட்டார்.

"மழை உள்ளுக்கு வராதும்மா" என்றாள் மகள்.

அவர் தலைப்பை எடுக்கவில்லை.