எல்லாக் குழந்தைகளும் ஆடட்டும்



ஆண்டு மலர் வெளிவரும்போதெல்லாம் கல்வியின் சிறப்பைப் பற்றியோ காலத்தின் அருமையைப் பற்றியோ தலைமையாசிரியர் எழுதுவது வழக்கம். இம்முறை நான் ஒரு வேடிக்கை ஆட்டத்தைப் பற்றி எழுத முற்பட்டுள்ளேன். "படியுங்கள் என்று சொல்ல வேண்டிய ஆசிரியரே விளையாட்டுக் கருவியைப் பற்றி எழுதுகிறாரே" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பொறுமையோடு முழுவதையும் படித்த பின்னர்த் தங்கள் தீர்ப்பைக் கூறுமாறு வேண்டுகிறேன்.

சென்ற தீபாவளி விடுமுறையில் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் சென்றிருந்தேன். என் தமக்கையார் அங்கே தம் மகளுடன் அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கிறார். முதல் நாள் மாலை சிராங்கூன் சாலையின் விளக்கு அலங்காரத்தைக் கண்டோம். தேக்கா சந்தையில் உணவருந்தினோம். இரவு வீடு திரும்பியதும் தமக்கையாரின் பேத்தி தொலைக்காட்சிப் பெட்டியின் முன் நின்று, கையில் ஒரு சிறு கருவியைப் பிடித்துக்கொண்டு ஆடத் தொடங்கினாள். திரையில் ஓர் உருவம் ஆடியது. அதைப் பார்த்து அவளும் ஆடினாள். ஒவ்வோர் அசைவுக்கும் 'நன்று', 'மிக நன்று' என்னும் பொருள்பட ஆங்கிலச் சொற்கள் திரையில் தோன்றி மறைந்தன.

அவ்விளையாட்டின் பெயர் ஜஸ்ட் டான்ஸ். யூபிசாஃப்ட் என்னும் பிரெஞ்சு நிறுவனம் 2009ஆம் ஆண்டில் இதன் முதற் பதிப்பை வெளியிட்டது. அதன்பின் ஆண்டுதோறும் புதிய பாடல்களுடன் புதிய பதிப்புகள் வந்துள்ளன. இந்தியாவின் புனே நகரிலுள்ள அந்நிறுவனத்தின் கிளையும் இவ்விளையாட்டின் உருவாக்கத்தில் பங்கேற்றுள்ளது. மாணவர்களே, இத்தகைய விளையாட்டுகளை ஆடுவோர் மட்டுமல்லர், ஆக்குவோரும் நம்மவரிடையே உள்ளனர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

கையில் பிடிக்கும் கருவிக்கு நம் ஆட்டம் எவ்வாறு தெரிகிறது? பேருந்து திடீரென நின்றால் நம் உடல் முன்னோக்கிச் சாய்கிறதன்றோ? அவ்வாறு வேகம் மாறுவதை உணரும் நுண்பொறி ஒன்று அக்கருவிக்குள் உள்ளது. அதற்கு முடுக்கமானி என்று பெயர். கை எப்போது விரைந்தது, எப்போது நின்றது, எப்பக்கம் திரும்பியது என்பவற்றை அது அளந்து அனுப்புகிறது. பாடலின் அந்த இடத்தில் கை எவ்வாறு அசைய வேண்டுமோ, அதனோடு ஒப்பிட்டு மதிப்பெண் வழங்கப்படுகிறது. நின்டெண்டோ நிறுவனம் 2006இல் வெளியிட்ட வீ என்னும் விளையாட்டுக் கருவியே இம்முறையை வீடுதோறும் பரப்பியது. இன்று நம் கைப்பேசிகளிலும் இந்நுண்பொறி இருக்கிறது. கைப்பேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் படமும் திரும்புவது அதனால்தான்.

திரையில் ஆடும் உருவம் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் போல் அசைகிறது. நம் வலக்கை எப்பக்கம் உயர வேண்டுமோ, திரையிலும் அப்பக்கத்துக் கையே உயரும். குழந்தைகளுக்கு எதிரே நின்று உடற்பயிற்சி கற்பிக்கும் ஆசிரியர்களும் இம்முறையைக் கையாள்வதுண்டு.

இது வெறும் வீட்டு விளையாட்டாகவும் நின்றுவிடவில்லை. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22 முதல் 25 வரை, அனைத்துலக ஒலிம்பிக் குழு முதலாவது ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரத்தைச் சிங்கப்பூரின் சன்டெக் மாநாட்டு மையத்தில் நடத்தியது. சதுரங்கம், வில்வித்தை, மிதிவண்டி ஓட்டம் முதலியவற்றோடு ஆடலும் ஒரு போட்டியாக இடம்பெற்றது. அந்த ஆடற்போட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட விளையாட்டு இந்த ஜஸ்ட் டான்ஸ்தான்.

அன்றிரவு பேத்தி ஆடிய பாடல் 'காங்னம் ஸ்டைல்'. தென்கொரியப் பாடகர் சை 2012ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளியிட்ட இப்பாடலை நம் தோட்டத்துக் கல்யாண வீடுகளிலும் கேட்டிருப்பீர்கள். அதே ஆண்டு டிசம்பரில், யூடியூப் தளத்தில் நூறு கோடி முறை பார்க்கப்பட்ட முதற் காணொளி என்னும் பெயரை அது பெற்றது. ஜஸ்ட் டான்ஸ் விளையாட்டின் நான்காம் பதிப்பில் கூடுதல் பாடலாகவும் சேர்க்கப்பட்டது. குதிரையே இல்லாமல் குதிரை ஓட்டும் ஆட்டம் அது. இரு கைகளையும் குறுக்காக வைத்துக் கடிவாளம் பிடிப்பதுபோல் காட்டுவார்கள். பிறகு வலக்கையைத் தலைக்கு மேலே உயர்த்திக் கயிற்றைச் சுழற்றுவதுபோல் சுழற்றுவார்கள். கால்கள் குதிரைபோல் துள்ளும்.

பேத்தி நன்றாக ஆடினாள். "பள்ளிக்கூட விழாவில் நீ ஏனம்மா ஆடுவதில்லை?" என்று வினவினேன். அவள் சற்றுப் பூசிய உடல்வாகு உடையவள். அவளைச் சேர்த்தால் வரிசையின் அழகு கெட்டுவிடும் என்று முன்பொருமுறை யாரோ கூறிவிட்டார்களாம். அதுமுதல் அவள் மேடை ஏறுவதில்லை. "இது என்னைப் பார்த்துச் சிரிக்காது தாத்தா" என்று தொலைக்காட்சியைச் சுட்டிக் காட்டினாள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியலை ஈராண்டுகள் பயின்றவன் நான். அப்பாடங்கள் சொல்லிய உண்மையை அக்குழந்தை ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

பிறகு என்னையும் எழுப்பி ஆடவைத்தாள். ஐம்பத்தேழு வயதுக்காரன் குதிரை ஓட்டுவதைக் கண்டு வீடே சிரித்தது. எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணை இங்கே எழுதாமல் விடுகிறேன். அடுத்ததாகப் பேத்தி கருவியைத் தன் பாட்டியிடம் நீட்டினாள். என் தமக்கையாருக்கு முழங்கால் வலி உண்டு. அவர் நாற்காலியில் அமர்ந்தபடியே கருவியை வாங்கி, மணிக்கட்டு வாரை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தார். 'மிக நன்று' என்னும் சொல் மீண்டும் மீண்டும் ஒளிர்ந்தது. பாடல் முடிந்தபோது பேத்தியைவிட அவருக்கே மதிப்பெண் அதிகம்!

எனக்கு அது வியப்பாக இல்லை. அந்தக் கை இருபத்தாறு ஆண்டுகள் பால் வெட்டிய கை. நாள்தோறும் இருட்டோடு எழுந்து, நானூறு ஐந்நூறு மரங்களில், பட்டையின் ஆழம் மிகாமலும் குறையாமலும் ஒரே சீராகக் கத்தியை இழுத்த கை. கத்தி சற்று ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். மேலோட்டமாகப் போனால் பால் இறங்காது. இந்தத் தாளக்கட்டு அவர் எலும்பில் ஊறியிருந்தது. ஆறாம் வகுப்போடு அவர் படிப்பை நிறுத்திக்கொண்டு காட்டுக்குப் போனதால்தான் நான் கல்லூரி வாயிலை மிதித்தேன். அக்கையைப் பாராட்டி எவரும் இதற்கு முன் மதிப்பெண் போட்டதில்லை.

ஆட்டம் முடிந்ததும் தமக்கையார் என்னை நோக்கி, "தம்பி, இது நம்ம தோட்டத்துத் திருவிழாவில் ஆடுவார்களே, அந்தப் பொய்க்கால் குதிரை மாதிரி இருக்கிறதே" என்றார். அது சரியான ஒப்புமை. மூங்கிலாலும் காகிதத்தாலும் செய்த குதிரைக் கூட்டை இடுப்பில் மாட்டி, கால்களில் மரக்கட்டைகளைக் கட்டிக்கொண்டு, நையாண்டி மேளத்துக்கு ஏற்ப ஆடுவது பொய்க்கால் குதிரை. தஞ்சாவூர் இக்கலைக்குப் பெயர்பெற்ற ஊர். மரக்காலில் நின்று ஆடும் மரபோ இன்னும் பழமையானது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடியதாகக் கூறப்படும் பதினோராடல்களுள் மரக்கால் ஆடலும் ஒன்று. கொரிய நாட்டுப் பாடகரும் நம் முன்னோரும் ஒருவரை ஒருவர் அறியாமலே குதிரையை ஆட்டமாக்கியிருக்கிறார்கள். மனித மனம் எங்கும் ஒன்றே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

அதே வேளையில், தமக்கையாரின் வெற்றி அக்கருவியின் குறையையும் காட்டியது. நாற்காலியில் அமர்ந்திருந்தவருக்கு அது முதன்மை மதிப்பெண் அளித்தது. கையை மட்டுமே அது அறியும். துள்ளும் காலை அறியாது. நிமிர்ந்த முதுகையும், மலர்ந்த முகத்தையும், கண்ணின் பாவத்தையும் அறியாது. திரையில் ஆடும் உருவங்களின் முகங்கள்கூட வெள்ளைப் பூச்சுப் பூசியவைபோல் தெளிவின்றி இருந்தன. முகம் பேசாத ஆட்டத்தை நம் ஆசான்கள் முழுமையான ஆட்டமாக ஏற்பதில்லை.

மறுநாள் லிட்டில் இந்தியாவில் கெர்பாவ் சாலை வழியே நடந்தபோது இதே எண்ணம் மேலோங்கியது. மலாய்மொழியில் எருமையைக் குறிக்கும் பெயர் கொண்ட அச்சாலை, அவ்வட்டாரத்தில் முன்னாளில் நடைபெற்ற கால்நடை வணிகத்தை நினைவூட்டுகிறது. அங்கு நெடுங்காலம் நாட்டியம் பயிற்றுவித்து வந்தது பாஸ்கர்ஸ் ஆர்ட்ஸ் அகாடமி. 1952இல் கே. பி. பாஸ்கர் அதனை நிறுவினார். அவர் துணைவியார் சாந்தா பாஸ்கர் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கினார். 1958இலேயே சீனர்களின் புகழ்பெற்ற வண்ணத்துப்பூச்சிக் காதலர் கதையை இந்திய நாட்டிய நாடகமாக அவர்கள் அரங்கேற்றினார்கள். பாஸ்கர் 2013இலும், சாந்தா அம்மையார் 2022இலும் மறைந்தனர். தட்டுக்கழியால் தாளம் தட்டும் ஓர் ஆசான், மாணவியின் கால் தவறுவதைக் காண்பார். அவள் முகம் வாடுவதையும் காண்பார். ஏன் வாடியது என்று கேட்கவும் செய்வார். எந்தக் கருவியும் அவ்வாறு கேட்பதில்லை.

ஆகவே, கருவியிடமிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. கருவிக்கு இல்லாது நம்மிடம் உள்ளது ஒன்றும் உண்டு. அது எவரையும் எள்ளுவதில்லை. பருமன், குட்டை, கறுப்பு, முதுமை என்று பார்த்து எவரையும் ஒதுக்குவதில்லை. தவறினால் மீண்டும் ஆடச் சொல்கிறது. இப்பொறுமையை நாம் கற்போம். ஆனால், குழந்தையின் முகத்தைப் பார்க்கும் கண் நம்மிடம்தான் இருக்கிறது. இவ்விரண்டும் ஓரிடத்தில் சேர்ந்தால் அதுவே நல்ல பள்ளிக்கூடம்.

நம் தோட்டத்தில் குடும்பங்கள் நகரத்துக்குப் பெயர்ந்து செல்வதால், பள்ளியில் மாணவர் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு சுருங்கி வருவதை அறிவீர்கள். இந்நிலையில் ஆடத் தெரிந்த எட்டுப் பேரை மேடையேற்றி, மற்றவரைக் கீழே அமர்த்திக் கைதட்டச் சொல்வது முறையாகாது. ஆசிரியர்களுடன் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்துள்ளோம். வரும் பள்ளி விழாவில் தேர்வு கிடையாது. முதலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை ஒவ்வொரு மாணவரும் மேடையில் ஆடுவர். கும்மி உண்டு, கோலாட்டம் உண்டு, அட்டைப் பெட்டியில் செய்த குதிரைகளோடு குதிரை ஆட்டமும் உண்டு. நிற்க இயலாத பிள்ளை நாற்காலியில் அமர்ந்து ஆடட்டும். அதற்கும் மேடையில் இடம் உண்டு.

பெற்றோர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, இவ்விளையாட்டுக் கருவியை வாங்கித் தருமாறு பிள்ளைகள் கேட்டால் கடன்பட்டு வாங்க வேண்டா. ஒரு பாட்டும் நான்கு அடி இடமும் இருந்தால் ஆடலாம். வாங்கியவர்கள் நேர வரையறை வைத்து, தாமும் உடன் ஆடுங்கள். இரண்டாவது, கும்மிப் பாட்டும் பொய்க்கால் நடையும் அறிந்த முதியவர்கள் நம் லயங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். சனிக்கிழமை காலைகளில் அவர்கள் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். அவர்களின் கைகளையும் பிள்ளைகள் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை தயங்கி நின்றால் சிரிக்காதீர்கள். கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். கும்மிக்கு வட்டம் எவ்வளவு பெரிதானாலும் கேடில்லை.