எல்லாரும் கைவிட்ட பின்

1982ஆம் ஆண்டுக் கோடையில் குவைத் நகரின் முர்காப் பகுதியில் ஒரே அறையில் எழுவர் தங்கியிருந்தோம். நால்வர் மலபார்க்காரர், ஒருவர் இலங்கைக் காத்தான்குடியைச் சேர்ந்தவர், மற்ற இருவர் தமிழ்நாட்டார். எழுவருக்கும் பொதுவாக ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அதை வாங்குவதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் பணம் எடுத்து வைத்தோம். உலகக் கோப்பைக் கால்பந்து ஸ்பெயின் நாட்டில் தொடங்குவதற்கு முன்பே பெட்டி வந்துவிட வேண்டுமென்று மலபார் அன்பர்கள் காட்டிய அவசரம், மகள் திருமணத்திற்கு நகை செய்யக் கொடுத்தவர்கள்கூடக் காட்ட மாட்டார்கள்.

அவ்வாண்டு குவைத் நாடே முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தேர்ந்திருந்தது. ஊர் முழுவதும் அதே பேச்சு. பிரான்சுக்கு எதிரான ஆட்டத்தில், பார்வையாளர் பக்கமிருந்து வந்த விசில் ஒலியை நடுவரின் விசில் என்று கருதிக் குவைத் ஆட்டக்காரர்கள் நின்றுவிட, பிரான்சு கோல் போட்டது. குவைத் சங்கத் தலைவரான ஷேக் மைதானத்திற்கே இறங்கி வந்தார். நடுவர் அந்தக் கோலை நீக்கினார். ஆயினும் நாலுக்கு ஒன்று என்று குவைத் தோற்றது. அக்கதையை இன்றும் அங்கு வாழ்ந்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

எங்கள் அறையில் குவைத்துக்கு அடுத்தபடியாக அனைவரும் பிரேசில் கட்சி. ஜிக்கோ, சோக்ரட்டீஸ், ஃபல்காவ் என்ற பெயர்களை மலபார் அன்பர்கள் தம் சொந்தக்காரர்களின் பெயர்களைப்போல் உச்சரித்தார்கள். நான் ஒருவன் மட்டும் இத்தாலி; இத்தாலி என்பதுகூடச் சரியன்று, பாவ்லோ ரோஸி என்ற ஒரே மனிதரின் கட்சி. அதற்காக நான் பட்ட கேலி கொஞ்சநஞ்சமன்று.

கேலி செய்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ரோஸி மெலிந்த உடலினர். இளமையிலேயே முழங்கால்களில் அறுவை மருத்துவம் செய்துகொண்டவர். ஓரத்தில் ஓடும் ஆட்டக்காரராயிருந்தவரை விசென்ஸா அணியின் பயிற்சியாளர் நடுவில் நிறுத்திப் பார்த்தார். அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் முதலில் இரண்டாம் பிரிவிலும் பிறகு முதற்பிரிவிலும் மிகுதியான கோல்கள் போட்டவர் அவரே. 1978 உலகக் கோப்பையில் மூன்று கோல்கள் போட்டார். அப்புறந்தான் வந்தது வினை. 1980இல் இத்தாலியையே உலுக்கிய பந்தயச் சூதாட்ட வழக்கில், அப்போது பெரூஜியா அணிக்கு ஆடிக்கொண்டிருந்த அவர் பெயரும் அடிபட்டது. மூன்றாண்டுத் தடை விதித்து, பின் இரண்டாண்டாகக் குறைத்தார்கள். தாம் குற்றமற்றவர் என்று அவர் இறுதிவரை சொல்லிவந்தார். 1982 ஏப்ரல் இறுதியில் தடை முடிந்தது. யுவென்டஸ் அணிக்காக மூன்றே மூன்று ஆட்டங்கள் ஆடினார். அந்த மூன்று ஆட்டத் தகுதியோடு அவரை உலகக் கோப்பைக்கு அழைத்துச் சென்றார் பயிற்சியாளர் என்ஸோ பேர்ஸோட். அந்தப் பருவத்தில் இத்தாலிய முதற்பிரிவில் எவரினும் மிகுதியாகக் கோல் போட்டிருந்த புரூஸோ என்பவரை வீட்டிலேயே விட்டுவிட்டார். நாடே கொதித்தது.

எனக்கு ஏன் இந்த மனிதர்மேல் பற்று? உண்மையைச் சொன்னால் அது என் பற்றே அன்று. என் தம்பியிடம் கடன் வாங்கியது.

எங்கள் ஊர் காயல்பட்டினம். கடலோரத்து ஊர். அங்கே கிரிக்கெட் மட்டைக்கு முன்பே பிள்ளைகளின் காலுக்குப் பந்து வந்துவிடும். அஸர் தொழுகை முடிந்ததும் மைதானத்திற்குப் போகாத பையனை "உடம்புக்கு என்ன?" என்று கேட்பார்கள். என் தம்பி கோல்காப்பாளன். உயரம் போதாது, ஆனால் பாய்ச்சல் உண்டு. 1978இல் ஏதோ ஓர் ஆங்கில இதழில் வந்த ரோஸியின் படத்தை வெட்டி, வாப்பாவின் மர அலமாரியின் உட்கதவில் ஒட்டி வைத்தான். "கோல்காப்பவனுக்குக் கோல் போடுகிறவனிடம் என்னடா காதல்?" என்று கேட்டேன். "எவனைக் கண்டு பயப்பட வேண்டுமென்று எங்களுக்குத்தானே காக்கா தெரியும்" என்றான். 1980இல் தடைச் செய்தி வந்தபோது நான் ஊரில் இருந்தேன். குவைத் விசா கைக்கு வந்திருந்த நேரம். "இனி அந்தப் படத்தைக் கிழித்துப் போடு, சூதாடி" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. படம் அங்கேயே இருந்தது. நான் கப்பலேறிய பிறகும் இருந்தது என்று உம்மாவின் கடிதத்தில் தெரிந்தது. துணி எடுக்க அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் யாரோ அன்னியர் நின்று பார்ப்பதுபோல் இருக்கிறதென்று உம்மா முறையிட்டிருந்தார்.

ஸ்பெயினில் இத்தாலியின் முதல் மூன்று ஆட்டங்களும் வீகோ நகரில் நடந்தன. போலந்துடன் கோலின்றி முடிவு. பெருவுடன் ஒன்றுக்கு ஒன்று. அதில் இடைவேளையோடு ரோஸியை வெளியே அழைத்துக்கொண்டார்கள். கமரூனுடன் மீண்டும் ஒன்றுக்கு ஒன்று. மூன்றும் சமன், ரோஸிக்கு ஒரு கோலும் இல்லை. நான் அவர் பக்கம் நின்றவன்தான்; ஆயினும் சொல்கிறேன், அவர் மிக மோசமாகவே ஆடினார். பந்து வரும் இடத்திற்கு அவர் போவதற்குள் பந்து போய்விட்டிருந்தது. மைதானத்தில் நிழல்போல் திரிந்தார். "உன் ஆள் ஆடுகிறாரா, உலாவுகிறாரா?" என்று காத்தான்குடி நண்பர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இத்தாலியப் பத்திரிகைகள் எழுதியவற்றைப் பொறுக்காமல் அணியினர் பத்திரிகையாளருடன் பேசுவதையே நிறுத்திவிட்டனர். அணித்தலைவரான கோல்காப்பாளர் டினோ ஸோஃப் ஒருவர் மட்டுமே வாய் திறப்பார், அவரும் பேச்சில் சிக்கனமானவர்.

அடுத்த சுற்றில் அர்ஜென்டினாவை இரண்டுக்கு ஒன்று என்று இத்தாலி வென்றது. அப்போதும் ரோஸிக்குக் கோல் இல்லை. பேர்ஸோட் அவரை மாற்றவில்லை. நான்கு ஆட்டங்கள் வெறுங்காலாய் நின்ற ஒருவரை ஐந்தாவது ஆட்டத்திலும் நிறுத்துவதற்கு என்ன நெஞ்சுரம் வேண்டும்! அதைக் கண்மூடித்தனமான பாசம் என்று எண்ணிவிடக் கூடாது. 1978இல் இதே மனிதரை அருகிலிருந்து ஆட வைத்தவர் பேர்ஸோட். மற்றவர்கள் கோலைப் பார்த்தார்கள்; அவர் கோலுக்கு முந்திய ஓட்டத்தைப் பார்த்தார். அந்த ஓட்டம் கொஞ்சங்கொஞ்சமாக மீண்டு வருகிறதென்று அவர் கண்ணுக்குப் பட்டிருக்க வேண்டும்.

முதல் சுற்று முடியும் தறுவாயில் ரமலான் பிறந்திருந்தது. ஜூலை 5ஆம் நாள், பார்சிலோனாவின் ஸர்ரியா மைதானத்தில் பிரேசிலுக்கு எதிரான ஆட்டம். சமன் செய்தாலே பிரேசில் அரையிறுதிக்குப் போய்விடும். இத்தாலி வென்றாக வேண்டும். எங்கள் நேரப்படி ஆறேகால் மணிக்கு ஆட்டம் தொடங்கியது. குவைத்தின் ஜூலை வெப்பத்தில் நோன்பு என்றால் என்னவென்று அங்கிருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாக்கு உலர்ந்து, பேரீச்சம் பழத் தட்டும் தண்ணீர்க் கூசாவும் முன்னே இருக்க, எழுவரும் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்தோம்.

ஐந்தாவது நிமிடம். இடப்பக்கமிருந்து கப்ரீனி பந்தைத் தூக்கி அனுப்பினார். ரோஸி தலையால் முட்டி உள்ளே தள்ளினார். நான் எழுந்து நின்றுவிட்டேன். வேறு எவரும் அசையவில்லை. சோக்ரட்டீஸ் சமன் செய்தபோது மற்ற அறுவரும் எழுந்து நின்றார்கள். இருபத்தைந்தாவது நிமிடத்தில் பிரேசிலின் செரேஸோ தம் பகுதியிலேயே கவனமின்றிப் பந்தைக் குறுக்கே அனுப்ப, எங்கிருந்தோ வந்த ரோஸி அதைப் பறித்துக்கொண்டு கோலாக்கினார். நோன்பு திறக்க இன்னும் பத்து நிமிடமே இருந்தது. பாங்கு ஒலித்தபோது பழத்தை வாயில் வைத்த மலபார் நண்பர் ஒருவர் அதை மெல்ல மறந்து அப்படியே அமர்ந்திருந்தார்.

மஃரிபு தொழுது வந்து அமர்ந்தோம். அறுபத்தெட்டாவது நிமிடத்தில் ஃபல்காவ் மீண்டும் சமன் செய்தார். அந்தக் கோலின் அழகை நானும் மறுக்கவில்லை. இனி பிரேசில் பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினாலே போதும். அவர்களோ மேலும் கோல் தேடி முன்னேறினார்கள். அது அவர்கள் குணம். எழுபத்து நான்காவது நிமிடத்தில் இத்தாலிக்கு ஒரு மூலை உதை. தட்டி விலக்கப்பட்ட பந்தை டார்டெல்லி திருப்பி அடிக்க, வழியில் நின்ற ரோஸி கால் கொடுத்துத் திசை மாற்றி வலைக்குள் அனுப்பினார். கடைசி நிமிடங்களில் நாற்பது வயது ஸோஃப் கோல் கோட்டின்மேலேயே ஒரு பந்தைப் பிடித்து அழுத்திக்கொண்டு கிடந்தார். மூன்றுக்கு இரண்டு. மூன்றும் ரோஸி.

அரையிறுதியில் போலந்துக்கு எதிராக இரண்டு கோல்கள். இறுதியில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக முதற்கோல். ஆக ஆறு. அந்தக் கோப்பையிலேயே மிகுதியான கோல் அவருடையது. இறுதி ஆட்டம் தராவீஹ் நேரத்தில் வந்து தொலைத்ததால் அன்று எங்களில் சிலர் எங்கே தொழுதோம், எப்போது தொழுதோம் என்பதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நான் ஊருக்கு வான்மடல் எழுதினேன். இரண்டு பக்கமும் மூன்று கோல்களின் வருணனை. "எல்லாரும் கைவிட்டபோதும் நான் விடவில்லை" என்றும் அதில் எழுதியிருந்தேன். தம்பியிடமிருந்து பதில் வந்தது. வீட்டுச் செய்திகளெல்லாம் எழுதிவிட்டு ஈற்றில் ஒரு வரி: "படம் கொஞ்சம் மஞ்சளாகிவிட்டது, ஆனால் கிழியவில்லை."

அந்த வரி எனக்கு எங்கே சுட்டது என்பதை இப்போது சொல்ல வேண்டும்.

1979இல் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த போட்டியின் இறுதி ஆட்டத்தில் தம்பி கோலில் நின்றான். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில், குழந்தையும் பிடித்துவிடக்கூடிய ஒரு பந்து உருண்டு வந்தது. அவன் குனிந்தான். பந்து அவன் கைக்கும் தரைக்கும் இடையே புகுந்து போய்விட்டது. தோற்றோம். கூட்டம் ஊளையிட்டது. அக்கூட்டத்திலிருந்து ஒரு குரல் "ஓட்டை வலை!" என்று கத்தியது. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டுமா? நூறு குரல்கள் அதை ஏற்றுக்கொண்டன. அந்தப் பெயர் எங்களுக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதன்பின் அவன் போட்டி எதிலும் கோலில் நிற்கவில்லை. கடைத்தெருவில் சிறு பிள்ளைகள்கூட அப்படி அழைத்த காலம் உண்டு.

முதலில் கத்திய குரல் என்னுடையது.

நண்பர்கள் நடுவே, அவன் என் தம்பி என்பதால் எனக்கு வந்த வெட்கத்தை அப்படிக் கத்தித் துடைத்துக்கொண்டேன் போலும். யோசித்துச் செய்ததன்று. ஆனால் குவைத் அறையில் கேலிகளுக்கு நடுவே ஒரு வெளிநாட்டவருக்காக நான் அத்தனை பிடிவாதமாக வாதாடியதற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்?

ரோஸி திரும்பி வந்து கணக்கைத் தீர்த்துவிட்டார். தீர்த்தவரின் பக்கம் நின்றவனுக்குப் பெருமை எளிது. தீர்க்க வாய்ப்பே கிடைக்காதவர்கள் உண்டு. 1950 ஜூலை 16 அன்று மரக்கானா மைதானத்தில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் முன்னிலையில் உருகுவேயிடம் பிரேசில் தோற்றது. எழுபத்தொன்பதாவது நிமிடத்தில் கிஜ்ஜா அடித்த பந்து, கோல்காப்பாளர் பார்போஸாவுக்கும் அருகிலிருந்த கம்பத்துக்கும் இடையே புகுந்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான் அவர் பிரேசிலுக்குத் தென்னமெரிக்கக் கோப்பையை வென்று தந்திருந்தார். அது எவருக்கும் நினைவில்லை. 1993இல், முதியவராகிவிட்ட அவர் தேசிய அணியைக் காணச் சென்றபோது, துரதிர்ஷ்டம் ஒட்டிக்கொள்ளுமென்று அஞ்சி உள்ளே விடவில்லையாம். கடைசிக் காலத்தில் கடற்கரையோரம் சிறு கடை நடத்திய ஒரு பெண்மணி அவரைத் தந்தையைப்போல் பேணினார். 2000ஆம் ஆண்டில் இறந்தார். ஐம்பது ஆண்டுகள், ஒரு பந்துக்காக. இக்கதையை முதன்முதலில் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை.

தம்பியிடம் சொல்ல வேண்டுமென்று எத்தனையோ முறை நினைத்தேன். விடுமுறையில் வருவேன், பெருநாள் வரும், திருமணங்கள் வரும், வாப்பாவின் மையித்து வந்தது. சொல்லவில்லை. அவன் கடை வைத்தான், பிள்ளைகளை ஆளாக்கினான், மாலையில் மைதானத்தின் ஓரத்தில் நின்று சிறுவர்களின் ஆட்டத்தைப் பார்ப்பான். ஒரு பையன் பந்தைத் தவறவிட்டால் மற்றவர்கள் சிரிப்பதற்குள் "பரவாயில்லைடா, அடுத்ததைப் பிடி" என்ற குரல் எழும். அது அவன் குரலாயிருக்கும்.

2020 டிசம்பர் 10ஆம் நாள் காலை; நான் சென்னையில் மகன் வீட்டில் இருந்தேன். நோய்த்தொற்றுக்கு அஞ்சி எங்கும் போகாமல் முடங்கிக் கிடந்த ஆண்டு. தம்பி தொலைபேசியில் அழைத்தான்.

"காக்கா, நம்ம ரோஸி போயிட்டாரு. அறுபத்து நாலு வயசுதானாம்."

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, எந்த முன்னுரையும் இல்லாமல், நாற்பத்தோராண்டு நெஞ்சில் கிடந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பேரை முதல்ல சொன்னது நான்தான்."

"தெரியும் காக்கா" என்றான். "கோல்ல நிக்கிறவனுக்குப் பின்னாலேர்ந்து வர்ற சத்தம் நல்லாக் கேக்கும். உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவனே தொடர்ந்தான்.

"அது கிடக்கட்டும். அந்த மூணாவது கோலைச் சொல்லுங்க. டார்டெல்லி அடிச்ச பந்து நேரா உள்ளே போயிருக்குமா, இல்லே இவரு கால் பட்டுத்தான் போச்சா? நான் அன்னிக்கு ரேடியோவுலதான் கேட்டேன்."

சொன்னேன். முதலிலிருந்து, கப்ரீனி பந்தைத் தூக்கிய இடத்திலிருந்து.