முதல் பாகம் முடிந்த பிறகு

வில்லியனூரிலும் பாகூரிலும் நூலகத்துப் பக்கம் போகிற பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "தாத்தா, முதல் பாகம் படிச்சிட்டேன். அடுத்ததை எடுக்கட்டுமா, போதுமா?" பார்வைக்குச் சின்னக் கேள்விதான். ஆனால் ஒன்றைத் தொடர்வதா, விடுவதா என்று முடிவெடுக்கப் பழகுவதற்குப் புத்தகத்தைவிட நல்ல இடம் கிடையாது. இங்கே முடிவு தப்பினாலும் யாருக்கும் நட்டமில்லை.

முதலில், கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர். ஐந்து பாகமும் சேர்ந்துதான் ஒரே கதை. முதல் பாகத்தோடு எழுந்துவிட்டால் கதையே கைக்கு வராது. நம் புதுச்சேரிக்காரர் பிரபஞ்சன் எழுதியது வேறு மாதிரி. 'மானுடம் வெல்லும்' பிரெஞ்சு ஆளுநர் துய்மா காலத்து நாவல், தனியாகவே நிற்கும். அதன் தொடர்ச்சியான 'வானம் வசப்படும்' ஆளுநர் துய்ப்ளெக்ஸ் காலத்துக்குப் போகிறது. 1995இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது அதுதான். முதல் நாவலோடு நிறுத்தினாலும் நீங்கள் ஒரு நாவலை முழுசாகப் படித்தவர்தான். இரண்டாவதைப் படிப்பது விருப்பம், கடன் இல்லை.

சரி, விருப்பம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சில நாள் புத்தகத்தை மூடி வையுங்கள். சொர்ணவாரி நன்றாக விளைந்தது என்பதற்காக மண்ணையும் தண்ணீரையும் பார்க்காமல் நம் விவசாயி சம்பாவில் இறங்குவதில்லை, அதுபோலத்தான் இதுவும். அடுத்து என்ன நடக்கும் என்ற பரபரப்பு அந்த நாட்களில் அடங்கிவிடும். அடங்கிய பிறகும் ஒரு கேள்வி மனத்தை அரித்தால் தொடருங்கள்.

பிரபஞ்சனின் நாவலில் என்னைத் தொடர வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1747இல் துய்ப்ளெக்ஸின் தலைமைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனவர். மறு ஆண்டே புதுச்சேரியின் வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். ஆளுநருக்கு அத்தனை அருகில் இருந்தும் அவரால் தடுக்க முடியவில்லை. அதிகாரத்தின் பக்கத்தில் நிற்கிற மனிதன் எதைக் காப்பாற்ற முடியும், எதை இழக்க வேண்டும்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் அடுத்த நாவலைத் தேடிப் போனேன்.

பெயர்கள் குழம்புகின்றன, ஆண்டுகள் நினைவில் நிற்கவில்லை என்பதற்காக மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு தாளில் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதி வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இந்த வரலாற்றுக்குள் போக உங்களுக்குத் தனி வழியும் இருக்கிறது. 1752இல் தளபதி லாரன்ஸின் ஆங்கிலப் படை பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது பாகூரில். 1760இல் ஆங்கிலேயர் பிடித்தது வில்லியனூர்க் கோட்டையை. நீங்கள் சைக்கிளில் போகிற மண் அது.

பிரபஞ்சனின் அந்த நாவல்களுக்கு ஊற்று ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பு. 1736இல் தொடங்கி, 1761 சனவரியில் அவர் கண் மூடும் காலம் வரை போகிறது. ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும் பன்னிரண்டு தொகுதி. அதை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படித்தால்தான் வாசகர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேண்டிய ஆண்டை எடுத்துப் படிக்கலாம்.

விடுவது என்று முடிவெடுத்தால், "இப்போது எனக்கு வேண்டாம்" என்று சொல்லி வையுங்கள். "நன்றாக இல்லை" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். இருபது வயதில் சலித்த புத்தகம் நாற்பதில் பிடித்துப்போவது உண்டு. இடையில் நமக்கு ஒரு வேலையும் குடும்பமும் நாலு இழப்பும் வந்திருக்கும். பிள்ளையின் சங்கடம் அப்போது நன்றாகவே புரியும்.

பிள்ளைகளே, நாளைக்கு ஒரு படிப்பு, ஒரு வேலை, ஒரு கூட்டுத்தொழில் என்று எத்தனையோ முதல் பாகங்கள் உங்களுக்கு வரும். தொடங்கிவிட்டோமே என்ற கூச்சத்துக்காக எதிலும் நீடிக்காதீர்கள். கடினமாக இருக்கிறது என்பதற்காக எதையும் உதறாதீர்கள். இதில் எனக்கு இன்னும் தெரிய வேண்டியது என்ன என்று கேளுங்கள். பதில் இருந்தால் தொடருங்கள், இல்லையென்றால் நன்றியோடு விலகுங்கள். எதுவானாலும் முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.