லைட் எரியுது... கரன்ட் இல்லை!

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் டுலேரி என்று ஓர் ஊர். ஆண்டுதோறும் பிப்ரவரி மாதம் அங்கே ‘வேர்ல்டு ஆக் எக்ஸ்போ’ என்ற வேளாண் கண்காட்சி மூன்று நாள்கள் நடக்கிறது. சான் ஹோசேயில் இருக்கும் மகனைப் பார்க்கப் போயிருந்த எங்களை அவன் அதற்கு அழைத்துப் போனான். கண்காட்சி சமயத்தில் ஓட்டலில் அறை கிடைப்பது சிரமம் என்று, மோட்டார் ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தான். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி அது.

99-ம் நம்பர் நெடுஞ்சாலையில் தெற்கே போகப்போக இரண்டு பக்கமும் பாதாம் தோப்புகள். அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருந்தன. உலகத்தில் விளையும் பாதாமில் சுமார் 80 சதவிகிதம் இந்த மாநிலத்தில்தான் விளைகிறது. மகரந்தச் சேர்க்கைக்காக நாட்டின் பல மூலைகளில் இருந்தும் லாரிகளில் தேனீப் பெட்டிகள் வந்து இறங்குகின்றன. டுலேரிக்குக் கிழக்கே போனால் ஆரஞ்சுத் தோப்புகள். தோப்புக்குள் உயரமான கம்பங்களில் பெரிய காற்றாடிகள் நிற்கின்றன. உறைபனி விழும் இரவுகளில், மேலே இருக்கும் கொஞ்சம் சூடான காற்றை மரங்களை நோக்கிக் கீழே தள்ளுவதற்காக வைத்திருக்கிறார்கள்.

‘டூலி’ என்றால் அங்கே நீர்நிலைகளில் வளரும் ஒரு வகைக் கோரை. ஊர்ப் பெயரே அதிலிருந்து வந்ததுதான். குளிர்காலத்தில் அந்தச் சமவெளியை மூடும் பனிக்கும் ‘டூலி ஃபாக்’ என்றே பெயர். பத்தடி தள்ளி நிற்கும் ஆள்கூடத் தெரியாத அளவுக்கு இறங்கும். அந்தக் கோரைப் பனிதான் அன்றைக்கு எங்களைச் சோதித்தது.

கண்காட்சியைப் பார்த்துவிட்டு, ஆரஞ்சுத் தோப்புகளை ஒட்டிய ஒரு முகாமில் வண்டியை நிறுத்தினோம். அங்கே ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மின்கம்பப் பெட்டி உண்டு. வண்டியின் தடித்த வயரை அதில் செருகினால் வீட்டு மின்சாரம் வந்துவிடும். இரவு எட்டு மணி இருக்கும். பனி ஒத்துக்கொள்ளாமல் என் மனைவிக்கு இழுப்பு வந்துவிட்டது. இன்ஹேலரை மகன் வீட்டிலேயே மறந்துவிட்டோம். மருந்தை ஆவியாக்கும் நெபுலைசர் மட்டும் கையில் இருந்தது. அதைச் சோபா பக்கத்து பிளக் பாயின்டில் செருகினால், ஓடவில்லை.

“அப்பா, கரன்ட் போயிருச்சுங்க” என்றான் மகன்.

“ஏஞ்சாமி, லைட்டுதான் எரியுதே?”

அப்போதுதான் அவன் விளக்கினான். இந்த வண்டிக்குள் இரண்டு மின்சாரம் ஓடுகிறது. விளக்கு, தண்ணீர் பம்பு, கேஸ் ஹீட்டரின் காற்றாடி எல்லாம் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. பிளக் பாயின்ட், மைக்ரோவேவ், ஏ.சி. இவற்றுக்கு 120 வோல்ட் வேண்டும். அது வெளியே இருந்து வர வேண்டும். நம் ஊரில் 230 வோல்ட், அங்கே 120. வெளி மின்சாரம் நின்றால் பேட்டரிக்குச் சார்ஜும் நிற்கும். கேஸ் ஹீட்டரின் காற்றாடி பேட்டரியை நன்றாகவே இழுக்கும் என்பதால், விடிவதற்குள் குளிரில் மாட்டிக்கொள்வோம்.

மகன் உள்ளே இருந்த பிரேக்கர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். பலன் இல்லை. எனக்கோ ஊர் ஞாபகம் வந்தது. பம்புசெட் ஓடவில்லை என்றால் நாம் முதலில் மோட்டாரைக் கழற்றுவோமா? லைனில் கரன்ட் இருக்கிறதா, பியூஸ் நிற்கிறதா, ஸ்டார்ட்டர் எடுக்கிறதா என்று கரன்ட் வரும் வழியிலேயே பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில்தான் மோட்டாரிடம் போவோம். “வா கண்ணு, கம்பத்துலருந்து பாக்கலாம்” என்று டார்ச்சோடு இறங்கினேன்.

எங்கள் வெளிச்சத்தைப் பார்த்துப் பக்கத்து வண்டியில் இருந்து ஒரு பெரியவர் வந்தார். வருடம் முழுக்க மனைவியோடு வண்டியிலேயே வாழ்கிறவராம். கம்பப் பெட்டியைத் திறந்து காட்டினார். பிரேக்கர் குமிழ் ஆனும் இல்லாமல் ஆஃபும் இல்லாமல் நடுவில் நின்றது. டிரிப் ஆகியிருந்தது. அதை அப்படியே மேலே தள்ளினால் நிற்காது. முதலில் முழுக்க ஆஃப் பக்கம் அழுத்திவிட்டு, பிறகு ஆன் செய்ய வேண்டும். அதற்கும் முன்னால் வண்டிக்குள் ஓடும் சாமான்களை நிறுத்தச் சொன்னார்.

காரணமும் தெரிந்தது. எங்கள் வண்டிக்கு வருவது 30 ஆம்ப்ஸ். 120 வோல்ட்டால் பெருக்கினால் 3,600 வாட்ஸ். நாங்கள் கரன்ட் ஹீட்டர், தண்ணீர் கெட்டில், மைக்ரோவேவ் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டிருந்தோம். ஒவ்வொன்றும் சுமார் 1,500 வாட்ஸ் இழுக்கும். மொத்தம் 4,500. பிரேக்கர் தன் வேலையைச் செய்திருந்தது.

ஆன் செய்ததும் மைக்ரோவேவ் கடிகாரம் மின்னியது. சோபா பக்கத்துப் பாயின்ட் மட்டும் இன்னும் செத்தே கிடந்தது. படுக்கைப் பக்கத்துப் பாயின்டில் கரன்ட் இருந்தது. மனைவியை அங்கே உட்காரவைத்து நெபுலைசரைப் போட்டோம். பத்து நிமிடத்தில் மூச்சு சீரானது. அதன் பிறகுதான் எங்களுக்கும் மூச்சு வந்தது.

மிச்சக் கோளாறு எங்கே? பெரியவர் நேராகக் குளியலறைக்குப் போனார். அங்கே ஒரு பிளக் பாயின்டில் இரண்டு சின்ன பட்டன்கள். அதன் பெயர் ஜி.எஃப்.சி.ஐ. நம் வீட்டு ஆர்.சி.சி.பி. மாதிரி, கரன்ட் கசிந்தால் வெட்டிவிடும். நம்முடையது பொதுவாக 30 மில்லி ஆம்ப்ஸுக்கு வெட்டும். அது ஐந்து சொச்சத்துக்கே வெட்டிவிடும். குளியலறையில் இருக்கும் அந்த ஒன்றே சமையல் மேடை, சோபா, வண்டிக்கு வெளியே இருக்கும் பாயின்ட் எல்லாவற்றையும் காக்கிறது. ரீசெட் பட்டனை அழுத்தினால் உடனே திரும்ப விழுந்தது. அதை அழுத்திக்கொண்டே இருக்காமல், அந்த வழியில் செருகியிருந்த எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னார். வெளியே அலங்கார விளக்குக்காக மகன் போட்டிருந்த எக்ஸ்டென்ஷன் வயரின் முனை பனியில் சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. அதைக் கழற்றிய பிறகு ரீசெட் நின்றது.

வேலை முடிந்தது என்று நினைத்தோம். பெரியவர் போகவில்லை. உள்ளே ஒரு பாயின்டில் மீட்டரைச் செருகிவிட்டு ஹீட்டரைப் போடச் சொன்னார். 118-ல் நின்ற முள் 106-க்கு இறங்கியது. கால் மணி நேரம் கழித்துக் கம்பத்தில் இருந்த பிளக்கைத் தொட்டுப் பார்த்தோம். கை வைக்க முடியாத சூடு. பிரேக்கரை ஆஃப் செய்துவிட்டுப் பிடுங்கினால், ஒரு பித்தளைக் கால் கறுத்திருந்தது. கம்பத்துச் சாக்கெட்டில் பிடிமானம் தளர்ந்து, லூஸ் கான்டாக்ட். அப்படியே ஹீட்டரைப் போட்டுத் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. காலியாக இருந்த அடுத்த இடத்துக்கு அந்த ராத்திரியிலேயே வண்டியை மாற்றினோம். கறுத்த காலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கேஸ் ஹீட்டரோடு சமாளித்தோம். காலையில் முகாம்காரர்கள் சாக்கெட்டை மாற்றினார்கள். மகன் வண்டிக்குப் புது பிளக் வாங்கிப் போட்டான்.

புறப்படும் முன் பெரியவர் இன்னொன்றும் சொன்னார். பெரிய வண்டிகளுக்கு 50 ஆம்ப்ஸ் வரும். அதில் இரண்டு லைன் உண்டு. ஒரு லைன் போனால் பாதி வண்டி மட்டும் ஓடும். நம் மோட்டாருக்கு ஒரு பேஸ் போவதுபோலத்தான். கோளாறு வண்டியிலா கம்பத்திலா என்று சந்தேகம் வந்தால், வண்டியின் ஜெனரேட்டரைப் போட்டுப் பார்க்கலாம். அதில் எல்லாம் ஓடினால் கோளாறு வெளியேதான். ஆனால் ஜெனரேட்டர் புகை உயிரைக் குடிக்கும். புகை உள்ளே வராத இடமாகப் பார்த்து, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று சோதித்த பிறகே ஓட்ட வேண்டும்.

பிள்ளைகளைப் பார்க்கப் போய், இப்படியொரு வண்டியில் ஏறும் வாய்ப்பு உங்களுக்கும் வரலாம். வண்டியை வாங்கும்போதே பகல் வெளிச்சத்தில் பிரேக்கர் பெட்டி எங்கே, ரீசெட் பட்டன் எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வோல்ட் மீட்டர் கையில் இருக்கட்டும். பிரேக்கர் ஒருமுறை விழுந்தால் லோடைக் குறைத்துப் போடலாம். மறுபடியும் விழுந்தால் காரணம் தெரியும்வரை தொடக் கூடாது. பெட்டிக்குள் கை வைக்கும் வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். 120 வோல்ட்டும் ஆளைக் கொல்லும்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எங்கள் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். ஒரு முனை லேசாகக் கறுத்திருந்தது. அன்றைக்கே முறுக்கிச் சரி செய்தார்.