அமைதியின் வாடகை

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் எனப் பள்ளிப் பருவத்திலேயே மனனஞ் செய்துவிடுகின்றோம். இவற்றுள் உறையுள் என்பது நான்கு சுவரும் ஒரு கூரையும் மாத்திரமன்று என்பதை, அதனைத் தேடித் தெருவில் இறங்கும்போதுதான் உணர்கின்றோம். நான் தேடியவை மிகச் சில: ஒரு கட்டில், ஒரு மேசை, மின்சாரம், இணைய இணைப்பு, இவற்றோடு நாளொன்றுக்கு ஐந்து மணி நேர அமைதி. முதல் நான்கின் விலையை யாழ்ப்பாணத்தில் யாரும் சொல்லிவிடுவர். ஐந்தாவதன் விலையை அறிந்துகொள்ள எனக்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் பிடித்தன.

அமைதியை நான் வேண்டியது பிழைப்புக்காக. கலைப்பீடத்தில் மூன்றாம் வருடத்திற் பயிலும் நான், மாலையிலும் இரவிலும் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை செய்கின்றேன். ஆய்வாளர் எடுத்த நேர்காணல்களும் கருத்தரங்க உரைகளும் இணையவழி வந்து சேரும். காதிற் கருவியை மாட்டிக்கொண்டு, ஒரு முதியவர் தமது காணியைப் பற்றிக் கூறும் ஒரே வாக்கியத்தை மூன்று முறை, நான்கு முறை ஓடவிட்டுத் தட்டச்சுச் செய்வேன். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க எனக்கு ஐந்து மணி நேரம் வேண்டும். பக்கத்து வளவில் நீர்ப்பம்பி இயங்கினால் ஐந்து ஏழாகிவிடும். கூலியோ பதிவின் நீளத்தைக் கொண்டே கணிக்கப்படுகின்றது. ஆகவே அயலிலே எழும் ஒவ்வோர் ஓசையும் எனது கூலியிற் சிறிது வெட்டிக்கொண்டே செல்கின்றது. மகாபொலக் கொடுப்பனவு 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது உண்மையே. எனினும் திருநெல்வேலியில் ஒரு தனியறைக்கு என்னிடம் கேட்கப்பட்ட தொகை 12,000 முதல் 18,000 வரை. அதற்கு மேல் ஆறு மாத முற்பணம். இவ்விரண்டு தொகைகளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்பவே நான் வேலை செய்கின்றேன். அவ்வேலையைச் செய்வதற்கு அறை வேண்டும். அறையைப் பெறுவதற்கு அவ்வேலை வேண்டும்.

வீட்டிலிருந்து வேலை செய்தல் என்பது 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றும் ஊரடங்கும் நமக்குக் கற்பித்த புதுமை என்பர். யாழ்ப்பாணத்துக்கு அது புதிதன்று. சுருட்டுக் கொட்டில்கள் வீட்டு வளவுகளிலேயே இருந்தன. பனையோலைப் பெட்டியும் பாயும் விறாந்தையிலேயே பின்னப்பட்டன. தையல் இயந்திரம் அறை மூலையிலும், தனிக்கல்வி வகுப்பு மாமரத்தின் கீழும் நடைபெற்றன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அத்தொழில்கள் பேச்சை விலக்கியவை அல்ல. சுருட்டுக் கொட்டிலிலே ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, ஏனையோர் கேட்டுக்கொண்டே சுருட்டுச் சுற்றினர். கை வேலை செய்ய, காது ஓய்வாக இருந்தது. இன்றோ காதே வேலை செய்கின்றது. எங்கோ இருக்கும் ஒருவர் பேசுவதைக் கேட்பதற்காக, அருகிலிருப்போர் பேசாதிருக்க வேண்டும் என எதிர்பார்க்கின்றோம். நமது வீடுகள் இதற்காகக் கட்டப்பட்டவை அல்ல.

நமது ஊர்களுமே இதற்காக அமைந்தவை அல்ல என்பதை ஓரிரு வாரத் தேடலிலேயே கண்டுகொண்டேன். முதலிற் பார்த்த அறை விசாலமானது, காற்றோட்டமுள்ளது. சுவருக்கு அப்பால் ஒரு திருமண மண்டபம் இருந்தது. இரண்டாவது அறையின் கீழ்த்தளத்தில் உயர்தர மாணவருக்கான கணித வகுப்பு. மூன்றாவது, கோவிலை அண்மிய ஓர் ஒழுங்கையில். கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை வேலை இல்லை என்று பொருள். இவை போதாவென்று பாண் விற்கும் முச்சக்கரவண்டி, ஜேர்மனிய இசைமேதை பீதோவனின் மெட்டொன்றை இசைத்துக்கொண்டு காலையும் மாலையும் ஒழுங்கை ஒழுங்கையாக வரும். ஒலிப்பதிவில் ஒரு தாய் தன் மகனைப் பற்றிக் கூறிக்கொண்டிருக்கையில் அவ்விசை குறுக்கிடும்போது, பீதோவன்மீது எனக்குண்டாகும் சினத்துக்கு அவர் எவ்வகையிலும் பொறுப்பாளி அல்லர்.

அறிஞர்களும் இத்தொல்லைக்குத் தப்பியதில்லை. இலண்டனில் வாழ்ந்த தோமஸ் கார்லைல், அயல்வீட்டுச் சேவல்களினதும் பியானோவினதும் ஓசையைப் பொறுக்கமாட்டாது, 1853இல் தமது வீட்டின் உச்சியில் ஒலி புகாத அறையொன்றைக் கட்டுவித்தார். பெரும் பணம் செலவாயிற்று. ஓசை புகுந்தே தீர்ந்தது. சொந்த வீடும் செல்வாக்கும் உடையவருக்கே அமைதி வாய்க்கவில்லையாயின், வாடகை அறைக்கு முற்பணம் தேடும் மாணவியின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

இவ்வாறு அலைகையில் ஒரு விந்தையையும் கண்டேன். கொக்குவில், கோண்டாவில், நல்லூர் ஒழுங்கைகளிலே பூட்டிய வீடுகள் பல கண்ணிற்படுகின்றன. மாலையில் ஒருவர் வந்து விறாந்தை விளக்கை ஏற்றுவார். காலையில் வந்து அணைப்பார். முற்றத்தில் தேங்காய் விழும் ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை. நான் தேடிய அமைதி அங்கே மிகுதியாகக் கிடந்தது. அதன்மேல் பூட்டுத் தொங்கியது. இவற்றை ஏன் வாடகைக்கு விடுவதில்லை என்று கேட்பது எளிது. விடையை அறிய நமது சமுதாயத்தின் வரலாற்றைச் சிறிது புரட்ட வேண்டும்.

யாழ்ப்பாணத்து வீடு பெரும்பாலும் ஒரு மகளின் சீதனம். அது வருவாய்க்காகக் கட்டப்படுவதில்லை. ஒருத்தியின் பெயருக்காகக் கட்டப்படுகின்றது. அம்மகள் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழ்ந்தாலும் வீடு அவளுக்காகக் காத்திருக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு அவள் வந்து தங்கும் சில வாரங்களே அதற்கு ஆண்டு முழுவதற்குமான உயிர். மேலும், 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் எழுத்துருப் பெற்ற தேசவழமையிலேயே ஒற்றி முறை காணப்படுகின்றது. ஒரு தொகையை முழுமையாகக் கொடுத்து, வட்டிக்கு ஈடாகச் சொத்தை அனுபவித்து, ஈற்றில் முதலைத் திரும்பப் பெறும் முறை அது. இலட்சங்கள் உடையவருக்கு ஒற்றி நல்ல ஏற்பாடு. மாதந்தோறும் உழைத்து மாதந்தோறும் கொடுப்பவருக்கு அதில் இடமில்லை. இவற்றோடு அச்சமும் சேர்ந்துகொண்டது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், குடியிருப்போரை எளிதில் வெளியேற்ற இயலாதவாறு பாதுகாத்தது. ஏழைக் குடியிருப்பாளருக்குத் துணையாக வந்த அச்சட்டம், "இருத்தினால் எழுப்பேலாது" என்ற பழமொழி போன்றதொரு வாக்கியத்தையும் வீட்டுக்காரர் மனத்தில் விட்டுச்சென்றது.

ஆக, விடப்படும் அறைகள் சில, வேண்டுவோர் பலர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவிலே 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கிய நாள் முதலாகவே, சூழவுள்ள வீடுகளின் பக்க அறைகள் மாணவர் அறைகளாயின. வேண்டுவோர் பெருகும்போது, கொடுப்போர் தெரிவுசெய்யத் தொடங்குவது இயல்பு. எதனைக் கொண்டு தெரிவுசெய்கின்றனர் என்பதே நான் சொல்ல வந்த விடயம்.

மதிற்சுவரில் "பெண் பிள்ளைகளுக்கு அறை வாடகைக்கு உண்டு" என்ற அட்டை தொங்கிய ஒரு வீட்டுக்குச் சென்றேன். வீட்டுக்கார அம்மா அன்பாகவே வரவேற்றார். அறை நல்லது, வாடகையும் எட்டக்கூடியது. தேநீரும் தந்தார். பின்னர் கேட்டார்:

"பிள்ளை எந்த இடம்?"

"கிளிநொச்சி அம்மா."

"அது இப்ப இருக்கிற இடம். சொந்த ஊர்?"

"அம்மான்ர ஊர் மயிலிட்டி."

"மயிலிட்டியில எந்தப் பக்கம்?"

சொன்னேன். அவர் முகத்திற் சினமோ வெறுப்போ தோன்றவில்லை. கணக்கொன்று முடிந்தது போன்ற தெளிவே தோன்றியது. "மகள் வெளிநாட்டிலயிருந்து வாறதெண்டு சொன்னவா. இப்ப குடுக்கிற யோசனை இல்லை, பிள்ளை" என்றார். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அவ்வழியே சென்றபோது அவ்வட்டை அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. இத்தகைய உரையாடல் அந்த ஒரு வீட்டோடு முடியவில்லை. எந்த வீட்டிலும் சாதி என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. ஊரையும், ஊரின் பக்கத்தையும், பேரனாரின் தொழிலையும் கேட்டால் அச்சொல்லுக்குத் தேவை ஏற்படுவதில்லை.

ஊர் எது என்ற கேள்விக்கு நேர்மையான விடை என் குடும்பத்தைப் பொறுத்தவரை நீளமானது. என் தாயார் 1990இற் சிறுமியாக மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்தார். உறவினர் வீடு, பாடசாலைக் கட்டடம், மீண்டும் உறவினர் வீடு என ஐந்தாண்டுகள் கழிந்தன. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது அவர்களும் பெயர்ந்து, தென்மராட்சியில் முன்பின் அறியாத ஒரு வீட்டின் விறாந்தையில் இரண்டு மாதங்கள் இருந்தனர். அவ்வீட்டில் அப்போது ஏழு குடும்பங்கள் இருந்தனவாம். பின்னர் வன்னி. 2009இற் செட்டிகுளத்து முகாம். மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் விடுவிக்கப்பட்டபோது தாயார் சென்று பார்த்துவிட்டு வந்தார். வீடிருந்த இடத்தை ஒரு கிணற்றின் விளிம்பைக் கொண்டே அடையாளம் கண்டாராம். நான் ஒரு நாளேனும் வாழ்ந்திராத அவ்வூர், ஓர் அறையை நான் பெறுவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் வலுவுடையதாக இன்றும் இருக்கின்றது.

தென்மராட்சி விறாந்தையைப் பற்றித் தாயாரிடம் மீண்டும் கேட்டேன். "அங்கேயும் ஊர் கேட்டவையோ?" சிறிது சிந்தித்து, "கேட்டவை. கேட்டுப்போட்டு, தண்ணி அள்ள வேற வாளி தந்தவை. ஆனால் இருக்கவிட்டவை" என்றார். இடப்பெயர்வு நம்மையெல்லாம் சமமாக்கிற்று என்று மேடைகளிற் பேசுவோர் அந்த வாளியையும் நினைவிற்கொள்ளுதல் நன்று. அதேவேளை, ஏழு குடும்பங்களுக்குத் திறந்த கதவையும் மறத்தலாகாது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தவை.

நான்காவது மாதத்தில் கோண்டாவிலில் ஓர் அறை கிடைத்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை, தனியே வாழ்பவர். அவர் கேட்ட முதற் கேள்வி என்னைத் திகைக்கவைத்தது.

"இரவில எத்தினை மணி வரைக்கும் முழிச்சிருப்பீர்?"

மின்கட்டணத்துக்காகக் கேட்கின்றார் என எண்ணி, "ஒரு மணி, சிலவேளை இரண்டு மணி ரீச்சர். லைற்றுக்குரிய காசை வேறாகத் தாறன்" என்றேன்.

"அதுக்கில்லை. அந்த நேரந்தான் எனக்கு நித்திரை வாறதில்லை. வீட்டில ஆரோ இருக்கிற சத்தம் கேட்டால் போதும்."

எனக்குக் கிடைக்காதது அவருக்கு அளவுக்கு மிஞ்சி இருந்தது. பிள்ளைகள் கடல் கடந்தபின் அவ்வீட்டை நிறைத்த அமைதி அவருக்குச் சுமை. எனக்கு அது மூலதனம். நள்ளிரவில் எனது தட்டச்சின் ஓசை அவருக்குத் தாலாட்டாகும் என நான் கற்பனை செய்ததில்லை. மாதம் 8,000 ரூபா; முற்பணம் இல்லை. ஞாயிறு தோறும் மகனோடு காணொளியிற் பேசுவதற்குக் கைத்தொலைபேசியை ஆயத்தஞ் செய்து கொடுப்பது எனது பொறுப்பு.

அவர் ஊரைக் கேட்கவேயில்லை என்று எழுத முடிந்தால் இக்கட்டுரை அழகாக முடிந்திருக்கும். மூன்றாம் வாரத்தில் கேட்டார். மயிலிட்டி என்றேன், பக்கத்தையும் நானே சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "கிணத்து மோட்டரை இனிப் பகலில போடுறன். நீர் இரவில வேலை செய்யும்" என்று சொல்லி எழுந்து சென்றார். அந்தச் சிறிது நேரத்தில் அவர் தம்மோடு என்ன வாதாடினார் என்பதை நான் கேட்கவில்லை. வாதாடினார் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

எனக்குக் கிடைத்தது போன்ற அறை எல்லோருக்கும் தற்செயலாகக் கிடைக்கும் எனக் காத்திருக்க இயலாது. ஓசையைப் பொறுத்தவரை சட்டமேனும் உண்டு. 2007 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம் அளித்த கட்டளை, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளுக்கு அனுமதி வழங்குவதைப் பொதுவாகத் தடுத்தது. ஊர் கேட்டுக் கதவை மூடுவதைத் தடுக்கும் கட்டளையை எந்த நீதிமன்றமும் எளிதில் நடைமுறைப்படுத்த முடியாது. "மகள் வருகிறா" என்ற விடையைப் பொய்யென நிறுவ யாரால் இயலும்? ஆனால் நம்மால் இயன்றவை சில உள. மாணவர் ஒன்றியம் வாடகை அறைகளின் பதிவேடொன்றைப் பேணலாம். வாடகை, மின்கட்டணம், காலம், வெளியேறுவதற்கான முன்னறிவித்தல் ஆகியவற்றைக் குறித்த ஒரு பக்க ஒப்பந்தப் படிவத்தை ஆயத்தஞ் செய்யலாம். "எழுப்பேலாது" என்ற அச்சம் அதனாற் குறையும். அப்படிவத்தில் பெயர், பீடம், பயிலும் ஆண்டு ஆகியன இருத்தல் வேண்டும். ஊரின் பக்கத்தைக் கேட்கும் வரி இருத்தலாகாது.

பூட்டிய வீடுகளும் தனித்த முதியோரும் அறை தேடும் இளையோரும் ஒரே ஒழுங்கையில் வாழும் ஊர் இது. இவர்களுக்கிடையே நிற்கும் கேள்வியை முதலில் விலக்க வேண்டியவர் கற்றவரே. நாளை நமக்கும் ஒரு வீடு அமையலாம். அதன் மதிலில் நாமும் ஓர் அட்டையைத் தொங்கவிடலாம். அன்று படலையைத் திறக்கும் பிள்ளையிடம் நாம் முதலிற் கேட்கப்போவது என்ன என்பதை இன்றே தீர்மானித்துக்கொள்வது நன்று.