சங்கிலி வாள்

வைப்பாற்றை அடுத்து, கரிசல் பூமியின் நடுவே அமைந்த ஊர் விளாத்திகுளம். மழை பெய்தால் அந்நிலம் காலைப் பற்றி இழுக்கும். வெயில் காய்ந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். பருத்தியும் கம்பும் உளுந்தும் மிளகாயும் விளையும் அங்கு, வானளாவிய மரங்களைக் காண்டல் அரிது. பனையும் வேம்பும் சாலையோரத்துப் புளியுமே பெருமரங்கள். ஆயினும் விறகுக்கு அங்குப் பஞ்சமில்லை. கண்மாய்க் கரையிலும் தரிசிலும் ஓடைப் பள்ளத்திலும் எங்கு நோக்கினும் சீமைக் கருவேலம் அடர்ந்து நிற்கிறது. வேலிக்கருவை என்றும் சீமை உடை என்றும் அதனை வழங்குவர்.

சீமை என்னும் அடைமொழியே அம்மரத்தின் பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும். கடல் கடந்து வந்தனவற்றுக்கு இந்நாட்டு மக்கள் அவ்வடைமொழியைச் சூட்டினர்; சீமை எண்ணெயும் சீமைச் சுண்ணாம்பும் அவ்வாறு பெயர் பெற்றனவே. அமெரிக்கக் கண்டத்து மரமாகிய இதன் விதைகளை 1876-இல் சென்னை மாகாணத்துக் காட்டுத்துறை அலுவலராகிய பெடோம் கேட்டு எழுதினார். மறு ஆண்டே கடப்பைச் சீமையில் அவை விதைக்கப்பட்டன. விறகுக்கென வந்த மரம் பின்னர் விளைநிலத்தையும் நீர்நிலையையும் கவர்ந்துகொண்ட கதை யாவரும் அறிந்ததே. விளாத்திகுளம், புதூர், சாயல்குடி வட்டாரங்களில் அதனை வெட்டி, அடுக்கி, தழையும் மண்ணும் கொண்டு மூடி, உள்ளே கனலிட்டுக் கரியாக்குவர். கரிமூட்டம் என்பது அதன் பெயர். பல குடும்பங்களுக்கு அதுவே சோறு.

இவ்வேலத்தை வெட்டுவோர் கையில் நெடுங்காலம் இருந்தவை கோடரியும் வெட்டரிவாளும் கடப்பாரையும். அவற்றோடு நான்காவதாக ஒன்று பின்னர் வந்து சேர்ந்தது. பவர் சா என்றும், மரம் அறுக்கிற மிஷின் என்றும் ஊரார் அதனைக் கூறுவர். பெட்ரோலால் ஓடும் சிறு எந்திரம் ஒன்று. அதனின்று நீண்டிருக்கும் தட்டையான இரும்புத் தகடு. தகட்டின் விளிம்பைச் சுற்றி விரைந்தோடும் பல் வைத்த சங்கிலி. இவ்வளவே அதன் உருவம். சங்கிலி வாள் எனலாம். வாள் என்னும் சொல் போர் மறவனுக்கும் தச்சனுக்கும் பொதுவன்றோ?

இவ்வாளின் முன்னோனைத் தேடிச் சென்றால் காட்டிற்கன்று, மருத்துவ மனைக்கே போய்ச் சேர வேண்டும். 1830-ஆம் ஆண்டளவில் பெர்ன்ஹார்டு ஹைனே என்னும் ஜெர்மானியர், எலும்பை அறுப்பதற்கென்று கையால் சுழற்றும் சிறு சங்கிலி வாள் ஒன்றை இயற்றினார். அது மரத்தை நாடி வர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. 1926-இல் ஆந்திரேயாஸ் ஷ்டீல் என்பார் ஷ்டுட்கார்ட் நகரில் மின்சாரத்தால் இயங்கும் வாள் ஒன்றைச் செய்தார். அதன் எடை 64 கிலோகிராம். தூக்குவதற்கு இருவர் வேண்டும். 1927-இல் எமில் லெர்ப் என்பார் பெட்ரோல் வாள் ஒன்றைத் துரிங்கியா நாட்டு டோல்மார் மலையில் ஓட்டிப் பார்த்து, அம்மலையின் பெயரையே அதற்கு இட்டார். ஒரே ஆள் ஏந்தும் பெட்ரோல் வாளை ஷ்டீல் 1950-இல் வெளியிட்டபோது எடை 16 கிலோகிராமாகக் குறைந்திருந்தது. 1959-இல் வந்த 'கொன்ட்ரா' 12 கிலோகிராம். பல்சக்கரங்களின் இடையீடின்றி எந்திரமே நேராகச் சங்கிலியை இழுத்தது. உலகக் காடுகளில் கோடரியின் ஆட்சியை முடித்து வைத்தவை இத்தகைய வாள்களே.

சங்கிலியின் பல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. தொடக்கத்தில் அப்பற்கள் கைவாளின் பற்களைப் போல மரத்தைச் சுரண்டின. அடிக்கடி அரம் கொண்டு தீட்ட வேண்டியிருந்தது. 1946-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்னும் மரவெட்டி, அடிமரம் ஒன்றைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டின் புழுவைக் கூர்ந்து நோக்கினார். அதன் வளைந்த தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தைச் செதுக்கிச் சென்றன. அவ்வாறே இருபுறமும் மாறி மாறிச் செதுக்கும் பற்களைக் காக்ஸ் சங்கிலியில் அமைத்தார். இன்று ஓடும் சங்கிலிகள் பெரும்பாலும் அவ்வழி வந்தவை. கல்வி பெறுவதற்குப் புழுவிடமும் செல்லலாம் என்று எண்ணிய அவ்வெண்ணம் பாராட்டத் தக்கது.

1950 முதல் 1980 வரை செய்யப்பட்ட பெரிய வாள்களைத் தேடித் திரட்டுவோர் அமெரிக்காவின் மேலைக் கரையிலும் ஐரோப்பாவிலும் பலர் உளர். பழைய நாணயம் சேர்ப்பாரையும் அஞ்சல்தலை சேர்ப்பாரையும் போன்றவரல்லர் அவர். நாணயத்தைத் துடைத்து வைத்தால் போதும்; வாளை உயிர்ப்பித்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அவர்கள் பெரிதும் விரும்புவனவற்றுள் ஷ்டீலின் 070, 090 என்னும் இரண்டும் அடங்கும். முன்னதன் சிலிண்டர் விட்டம் 58 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் நீளம் 40 மில்லிமீட்டர். பின்னதற்கும் ஓட்டம் அதே 40. விட்டம் மட்டும் 66. கணக்கறிந்த மாணவர் வட்டப் பரப்பை ஓட்டத்தால் பெருக்கித் தாமே சரிபார்க்கலாம். முன்னதன் கொள்ளளவு 106 கன சென்டிமீட்டர். பின்னதன் கொள்ளளவு 137. எட்டு மில்லிமீட்டர் அகன்றதற்கு இத்துணை ஏற்றம்! சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிள்களிற் பல 100 கன சென்டிமீட்டர் எந்திரத்தால் இருவரைச் சுமப்பன. அதனினும் பெரிய எந்திரத்தை ஒருவன் கையில் ஏந்தி மரம் அறுத்தான் என்பதை நினைத்தால் இவ்வாள்களின் மிடுக்கு விளங்கும்.

பழுது பார்த்தலே இவ்வேலையின் உயிர்நாடி. விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கத்துப் பட்டறைகளில் பழைய பொறிகள் கண்ணாடிப் பேழையில் உறங்குவதில்லை, கூலிக்கு உழைக்கும். ஆயினும் பருத்திக்கு மருந்தடிக்கும் பொறியைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக்கின் கைக்கும், ஷ்டுட்கார்ட் நகரத்துச் சேகரிப்பாளன் கைக்கும் தெரிந்த வித்தை ஒன்றே. இரண்டும் எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடும் எந்திரங்கள். உயவெண்ணெய்க்கென்று தனித் தொட்டி எந்திரத்துள் இல்லை. பெட்ரோலோடு கலந்த எண்ணெயே உள்ளுறுப்புகளை உராயாமற் காக்கும். பழைய வாளுக்கு 25 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்பது வழக்கு. சிறந்த எண்ணெய் கிடைக்கும் இக்காலத்துப் பொறிகளுக்கு 50-க்கு ஒன்றே போதும். எண்ணெய் கலவாத பெட்ரோலை அறியாமல் ஊற்றினால் சில நிமிடங்களில் பிஸ்டன் சிலிண்டரைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும்.

இறந்த வாள் ஒன்று மேசைக்கு வந்தால் முதலிற் பார்ப்பது அதன் மூச்சு. கயிற்றுப் பிடியைக் கையிற் பற்றிக்கொண்டு வாளைத் தொங்கவிடுவர். பிஸ்டன் வளையங்கள் நன்றாயிருப்பின், அழுத்தத்தை எதிர்த்து வாள் தயங்கித் தயங்கி இறங்கும். தேய்ந்திருப்பின் சரேலென விழும். அடுத்து தீப்பொறி. பழைய வாளில் சுழலும் சக்கரத்துக் காந்தமும், திறந்து மூடும் சிறு தொடுமுனைகளும் பொறியை உண்டாக்கும். முனைகளில் கரி படிந்தாலோ துரு ஏறினாலோ பொறி எழாது. நுண்ணிய உப்புத்தாளால் அவற்றைத் துடைத்து, மெல்லிய தகட்டளவி கொண்டு இடைவெளியைச் சரிசெய்தால், நாற்பது ஆண்டு உறங்கிய எந்திரமும் கண் விழிக்கும். பிற்காலத்து வாள்களில் இவ்வேலையைச் செய்வது மின்னணுத் துண்டு ஒன்று. அது நெடுநாள் தொல்லையின்றி உழைக்கும். உழைப்பு முடிந்தபின் அதனைப் பிரித்துச் செப்பம் செய்தல் இயலாது, தூக்கி எறிந்து வேறொன்று வாங்க வேண்டியதே. பழையதை விரும்புவோர் விரும்பும் காரணம் பெரும்பாலும் இதில் அடங்கியுள்ளது. பிரித்து அறியக் கூடிய பொருளின்மேல் மனிதனுக்கு ஒருவகை உரிமை பிறக்கிறது.

மூன்றாவது கார்புரேட்டர். வாளைக் குப்புறவும் பக்கவாட்டிலும் திருப்பி அறுக்க வேண்டியிருத்தலின், அதனுள் மிதவைக்கு மாறாக மெல்லிய சவ்வு ஒன்று துடித்துப் பெட்ரோலை அளந்து விடும். ஆண்டுகள் பல கடந்தால் அச்சவ்வு காய்ந்த வாழைச் சருகாய் விறைத்துப் போகும். இக்காலப் பெட்ரோல் மற்றொரு தொல்லை. 2025-ஆம் ஆண்டளவில் இந்நாட்டுப் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது. அதனை அறியாத காலத்தில் செய்த ரப்பர்க் குழாய்களை ஊறச் செய்து இளக்குவது. ஆதலின் ஓட்டி முடித்தவுடன் தொட்டியை வடித்து வைத்தல் அறிவுடைமை.

உறுப்புக் கிடைக்காத வாள்களுக்கு, செத்தவை இரண்டைச் சேர்த்து ஒன்றைப் பிழைக்க வைப்பதே வழி. 070-க்கு மட்டும் அவ்வருமை இல்லை. அதனைப் பார்த்துச் செய்த படிகள் சீன ஆலைகளிலிருந்து மிகுதியாக வருதலின் உறுப்புகளும் எளிதிற் கிடைக்கின்றன. மூலத்தைப் போற்றுவோர் இப்படிகளைக் கண்டால் முகம் சுளிப்பர். மூலத்தின் உயிரைக் காப்பது அப்படியின் உறுப்பே என்பதை மறந்துவிடுகின்றனர்.

வாள்களை ஒப்பிடுவதற்கு ஒரே அடிமரத்தை, ஒரே வகைச் சங்கிலியால், மணிப்பொறி வைத்து அறுப்பர். பெரிய பழைய வாள் மெல்லச் சுழன்று, மரத்தில் அழுத்தினாலும் ஓட்டம் தளராமல் எருது இழுப்பதுபோல் இழுக்கும். சிறிய புதிய வாள் விரைவால் அவ்வலிமையை ஈடுசெய்யும். ஷ்டீலின் 090-க்குப் பின் வந்த 880 என்னும் வாளின் கொள்ளளவு 122 கன சென்டிமீட்டரே. ஆற்றலில் அது மூத்ததற்குக் குறைந்ததன்று.

ஆனால் மணிப்பொறி காட்டாதது ஒன்றுண்டு. அது பிடித்திருக்கும் கை. பழைய வாளின் நடுக்கம் நேராகக் கைப்பிடிக்கு வரும். நாள்தோறும் அதனைப் பற்றி உழைத்த காட்டுத் தொழிலாளர் பலருக்கு விரல்களில் குருதியோட்டம் குன்றி, குளிர்ந்த வேளையில் விரல்கள் வெளுத்து உணர்விழந்தன. 1960-களில் ரப்பர்த் தாங்கிகள் வைத்த கைப்பிடிகள் வந்த பின்னரே இக்கொடுமை தணியத் தொடங்கியது. மற்றொன்று உதைப்பு. தகட்டு நுனியின் மேற்புறம் மரத்தில் முட்டினால், ஓடும் சங்கிலி வாள் முழுவதையும் அறுப்பவன் முகத்தை நோக்கி எற்றிவிடும். அக்கணமே சங்கிலியைப் பிடித்து நிறுத்தும் தடை 1970-களின் தொடக்கத்திலேயே வாள்களில் அமையத் தொடங்கியது. அதற்கு முந்திய வாளில் அத்தடை இல்லை. அறுப்பவனின் விழிப்பு ஒன்றே காவல். சேகரிப்பாளன் அதனை விடுமுறை நாளில் கால்மணி நேரம் ஓட்டி மகிழலாம். வயிற்றுக்காக நாளெல்லாம் அதனைப் பிடிக்க வேண்டியவன் நிலை வேறு.

சீமைக் கருவேலங் காட்டில் நின்று பார்த்தால் இவ்வேறுபாடு நன்கு விளங்கும். அம்மரம் ஒற்றை அடியாக எழுவதில்லை. தூரிலிருந்தே பல கிளையாகப் பிரிந்து, முள்ளோடு முள் பின்னி நிற்பது. ஒரு கிளையை அறுக்கும்போது தகட்டு நுனி மறைந்திருக்கும் மறு கிளையில் முட்டுவது எளிது. உதைப்புக்கு இதனினும் வாய்ப்பான இடம் வேறில்லை. பன்னிரண்டு கிலோகிராம் எடையும் தடையின்மையும் உடைய பழம்பெரும் வாள் இங்கே வீரமன்று, இடரே. கையளவும் தொடையளவும் பருத்த தண்டுகளுக்கு ஐம்பது கன சென்டிமீட்டர் வாள் தாராளம். பெரிய வாளுக்கு உரிய இடங்கள் வேறு: இழைப்புக்கென்று தடி அறுக்கும் மரக்கடை முற்றம், புயல் சாய்த்த பெருமரம் சாலையை மறித்துக் கிடக்கும் இடம். 2018 நவம்பரில் கஜா புயல் கடந்தபின் டெல்டா மாவட்டங்களின் வழிகள் பவர் சாக்களாலேயே திறக்கப்பட்டன.

கருவேலத்தை வெட்டுவோர் முதலில் அரிவாளால் முள்ளைக் கழித்து வழி செய்துகொள்வர். பின்னரே வாள் ஒலிக்கும். தண்டுகள் சாய்ந்து, துண்டுகளாகி, மூட்டம் போடும் இடத்துக்குப் போய்விட்டாலும் தூர் மண்ணுள் இருக்கும். அதனை விட்டால் அடுத்த மழைக்கே மீண்டும் துளிர்க்கும். வலிய கரி தருவதும் அத்தூரே. ஆனால் மண் பட்ட மாத்திரத்தில் சங்கிலியின் பற்கள் மழுங்கிவிடுமாதலின், பெரிதாயினும் சிறிதாயினும் எந்த வாளும் அதனை நெருங்குவதில்லை. மிஷின்காரர் நிழலில் அமர்ந்து, வட்ட அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டிக்கொண்டிருக்கிறார். கடப்பாரைக்காரர் இருவர் வெடித்த கரிசலைப் பிளந்து, பக்க வேர்களைக் கோடரியால் துண்டித்து, தூரைப் புரட்டி மேலே கொண்டுவருகின்றனர்.