முள் பொய் சொன்னால்?

அடுப்பில் பால் பொங்கினால் கண்ணுக்குத் தெரிகிறது. இஞ்சின் பொங்கினால்? போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்புகளைக் கேளுங்கள். 17 கொண்டை ஊசி வளைவுகள். உள்ளே ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்கள். சூடு காட்டும் மீட்டரின் முள் ஏறினால், டிரைவர் ஓரங்கட்டி நிறுத்திவிடுவார். நடுக்கடலில் ஓரம் ஏது?

சிலமலையில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் இந்தக் கேள்வி உதித்தது. பக்கத்து வீட்டு ஜீப் மெக்கானிக்கைப் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து தங்கை மகன் வந்திருந்தான். விசைப்படகில் வேலை, மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் ஓய்வு.

"மாமா, படகு மீட்டர் செத்துப்போச்சு. பழைய ஜீப் மீட்டர் ஒண்ணு குடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. மெக்கானிக் சிரிக்கவில்லை. "எத்தனையோ படகுல லாரி இஞ்சின்தான் தாயி ஓடுது. மீட்டர் மட்டும் ஆகாதா?" என்றவர், மருமகனிடம் திரும்பி, "பேட்டரி 12 வோல்ட்டா, 24-ஆ?" என்றார். 12 தான். பிழைத்தான்.

மீட்டர் தனியாள் அல்லவாம். இஞ்சினில் திருகியிருக்கும் சென்சார் அதற்கு ஜோடி. சூடு ஏற ஏறச் சென்சாரின் மின்தடை குறையும். அதற்கேற்ப முள் நகரும். ஜோடி மாறினால் வந்தது வினை! டாங்க் மீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வகையில் 240 ஓம் என்றால் காலி, 33 என்றால் நிறைவு. ஐரோப்பிய வகையில் 10 காலி, 180 நிறைவு. ஒன்றின் முள்ளை மற்றதன் மிதவையோடு முடிச்சுப் போட்டால், காலி டாங்க் நிறைந்ததாகத் தெரியும். பொருந்தாத ஜாதகம் என்றால் இதுதான்.

இன்னொரு சங்கதி. ஜீப்பில் இரும்பு உடம்பே மின்சாரம் திரும்பி வரும் வழி. மரப்படகில் அது நடக்காது. பேட்டரிக்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும். உப்புக் காற்றில் சென்சார் இணைப்பில் களிம்பு ஏறினால் தடை கூடும். தடை கூடினால், இஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் "குளிர்ச்சி" என்று சாதிக்கும். செத்த மீட்டரைவிட இது மோசம் என்று எனக்குப் பட்டது. செத்த முள்ளையாவது யாரும் நம்பமாட்டார்கள்.

பரீட்சை சமையலறையில் நடந்தது. கொதிக்கும் தண்ணீரில் சென்சாரின் பித்தளை முனை; வெளியே பேட்டரியும் மீட்டரும். முள் 100-ஐ ஒட்டி நின்றது. (போடிமெட்டில் வைத்தால் 95 பக்கம்தான் நிற்கும். உயரத்தில் குறைந்த சூட்டிலேயே தண்ணீர் கொதித்துவிடும். அங்கே பருப்பு வேகாத ரகசியமும் அதுவே.)

மீட்டரையும் சென்சாரையும் ஒரே துண்டில் முடிந்து கொடுத்தார் மாமா.

"அப்ப டீசல் மீட்டருக்கு?" என்றான் மருமகன்.

"குச்சியை விட்டுப் பாரு!"